தீர்த்தமும் நஞ்சும்
(ஜவ்வாதுமலை, ஜமுனாமரத்தூரில் ஆற்றிய சொற்பொழிவு)



அடுத்தடுத்துக் கொலை செய்பவர் பேய் பிடித்தவரென்றே பலர் நினைக்கின்றனர். அது தவறென்பதற்குப் பெங்களூரில் 'சயனைடு மல்லிகா' எனப்பட்ட கெம்பம்மாவின் வழக்கே போதும். 1999-இல் ஒரு பெண், 2007-இன் கடைசி மாதங்களில் ஐந்து பெண்கள், ஆக ஆறு பேர் மாண்டனர்.

அவள் கத்தி எடுத்தாளா? இல்லை. கோவில்களில் காத்திருந்தாள். பிள்ளையில்லையென்றும், நோயென்றும், குடும்பத் துயரமென்றும் அழும் பெண்களையே தேடிப் பழகினாள். "பூஜை செய்தால் குறை தீரும், நகைகளைப் பூட்டிக்கொண்டு வா" என்றாள். தீர்த்தமென்றும் உணவென்றும் சயனைடு கலந்து கொடுத்தாள். நகையோடு மறைந்தாள். 2007 டிசம்பரில்தான் பிடிபட்டாள்.

இதில் பேய் எங்கே இருக்கின்றது? கணக்குத்தான் இருக்கின்றது. பூஜையென்றால் ஏனென்று கேட்பது பாவமென்று நம் பெண்களைப் பழக்கி வைத்தவர் யார்? நாமல்லவா? அந்தப் பழக்கமே அவளுக்கு முதல், சயனைடு அதற்கடுத்ததே.

ஆகவே, நேர்த்திக்கடனென்று மலையிறங்கும் தாய்மார்களே! "தனியே வா, நகையோடு வா, யாரிடமும் சொல்லாதே" என்று காவி கட்டியவரே சொன்னாலும், "ஏன்?" என்று கேளுங்கள். ஆண்களே! அப்படிக் கேட்கும் பெண்ணை அடக்காதீர்கள் என்று கூறி முடித்துக் கொள்கிறோம்.