வண்டிகளை எண்ணினால் பயணங்கள் தெரியுமா?



வில்லியனூரிலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் வண்டிகளை எண்ணச் சொன்னால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட நேர்க்கோட்டுக் குறி போட்டு எண்ணிவிடும். ஆனால் பேருந்து விடுகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பேர் போகிறார்கள்? வண்டியின் நெற்றியில் அது எழுதியிருப்பதில்லை. பேருந்தில் எழுதியிருக்கிறதே என்பீர்கள். அது பேருந்து போகும் ஊர், பயணி இறங்கும் ஊர் அல்ல.

கரும்பலகைக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். வில்லியனூர், ரெட்டியார்பாளையம், புதுச்சேரி என மூன்று இடங்கள்; காலை நேரம், ஒரே திசை. முதல் இரண்டு ஊர்களுக்கு நடுவே 100 வண்டிகள், அடுத்த இரண்டுக்கு நடுவே 140 வண்டிகள். வில்லியனூரில் புறப்பட்டு ரெட்டியார்பாளையத்தில் நிற்பவை x, புதுச்சேரி வரை போகிறவை y, ரெட்டியார்பாளையத்தில் புறப்பட்டுப் புதுச்சேரி போகிறவை z. அப்படியானால் x + y = 100, y + z = 140. சமன்பாடு இரண்டு, மாறிகள் மூன்று. y என்பது 0 முதல் 100 வரை எதுவாகவும் இருக்கலாம். எல்லாமே எண்ணிக்கைக்குப் பொருந்தும். "தீர்வுகள் ஒன்றுக்கு மேல்" என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோவதை, மாணவர் இங்கே சாலையிலேயே பார்க்கலாம்.

அவற்றுள் எதைத் தேர்வது? வான் சுய்லன், வில்லும்சன் ஆகிய இருவர் 1980இல் ஒரு வழி சொன்னார்கள். பொருந்தும் அட்டவணைகளுள், அதிகமான விதங்களில் உருவாகக்கூடியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான்கு நாணயங்களைச் சுண்டினால் நான்கும் தலையாக விழ ஒரே விதம்தான். இரண்டு தலை, இரண்டு பூ விழ ஆறு விதம். என்ட்ரோபி என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருப்பது இந்த எண்ணம்தான். பழைய கணக்கெடுப்பு ஏதும் கையில் இருந்தால் அதிலிருந்து தொடங்குவது இன்னும் நல்லது. நம் கணக்கில், வில்லியனூரில் புறப்படும் 20 பேரைக் கேட்டதில் 15 பேர் புதுச்சேரி என்றார்கள் என்றால் y = 75, x = 25, z = 65. இருபது பேர் சொன்ன பதில் மூன்றாவது சமன்பாடாகிவிடுகிறது. இருபது பேர் போதுமா என்று ஒரு மாணவர் கேட்டால், அன்றைய பாடம் நல்லபடியாக நடந்திருக்கிறது.

பாகூர்ப் பள்ளிகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. பாகூரிலிருந்து கிழக்கே வந்து கடலூர் சாலையைத் தொட்டால் இடப்பக்கம் புதுச்சேரி, வலப்பக்கம் கடலூர். பாகூர் சாலையில் எண்ணியவர் எத்தனை வண்டி வந்தது என்று சொல்வார். எத்தனை திரும்பியது எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார். திரும்பும் இடத்தில் இன்னொருவர் வேண்டும். அங்கும், வலப்பக்கம் போனவர் கடலூரில் மருத்துவமனைக்குப் போனாரா, வேலைக்குப் போனாரா என்பது தெரியாது. மாநில எல்லை வண்டிக்குத் தெரியாவிட்டாலும் பேருந்து அனுமதி தருகிறவர்களுக்குத் தெரியும். அதனால் இந்த வேறுபாடு முக்கியம்.

ஒன்று சொல்ல வேண்டும். சாலையோரத்தில் எண்ணுவது பயணம் செய்தவர்களை மட்டும்தான். மாலையில் வீடு திரும்பப் பேருந்து இல்லை என்பதால் மேல்நிலை வகுப்பில் சேராத மாணவி எந்தக் கோட்டுக் குறியிலும் விழ மாட்டாள். எண்ணிக்கை குறைவு, ஆகவே பேருந்து வேண்டாம். பேருந்து இல்லை, ஆகவே எண்ணிக்கை குறைவு. அந்த வட்டத்தை உடைக்கும் தரவு போக்குவரத்து அலுவலகத்தில் இருக்காது. நம்மிடம் இருக்கிறது: மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்கள் யார், எந்த ஊர், அடுத்து எங்கே சேர்ந்தார்கள் அல்லது சேரவில்லை.

பிள்ளைகளைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம். சுற்றுச்சுவருக்கு உள்ளிருந்தே எண்ணலாம். பெயர் இல்லாமல், ஊர் மட்டும் போட்டு ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் புறப்படும் ஊர், மேலே சேரும் ஊர். கடைசியில் "போகவில்லை" என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.