பிள்ளையின் மண்சரிவு விளையாட்டைத் தடுக்காதீர்கள்



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையால் நுவரெலியா மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. லயத்தை விட்டு வெளியேறி, பிறர் இடத்தில் தங்கியிருந்து, இப்போது திரும்புகிறீர்கள். கூரை, அடுப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று ஆயிரம் வேலை கிடக்கிறது. இந்த நேரத்தில் விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் பிள்ளை முற்றத்தில் வெறும் தீப்பெட்டிகளை லயமாக அடுக்கும். "மண்ணு வருது, ஓடு!" என்று கத்தி, மண்ணை அள்ளி அதை மூடும். மறுபடி அடுக்கும், மறுபடி மூடும். "அபசகுனமா விளையாடாதே" என்று நாம் கை ஓங்குகிறோம். ஓங்க வேண்டாம்.

பெரியவர்கள் நாம் நடந்ததை அக்கம்பக்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி ஆறுகிறோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு சொல் இல்லை. அது கையால் சொல்கிறது. அன்று மண்ணை யாராலும் நிறுத்த முடியவில்லை. விளையாட்டில் எப்போது சரியும், எப்போது நிற்கும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்கிறது. பயம் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. போர் நடந்த காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. அருட்தந்தை போல் சற்குணநாயகம் அதை முன்னின்று நடத்தினார். போரைக் கண்ட பிள்ளைகள் களிமண், வர்ணம், கதை, நாடகம் என்று விளையாடி மனம் ஆற அங்கே இடம் கிடைத்தது.

உங்களுக்குப் பூங்கா தேவையில்லை. வேலை முடிந்து வந்ததும் பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். "இந்த வீட்டு ஆட்கள் இப்ப எங்க ஓடலாம்?" என்று மெதுவாகக் கேளுங்கள். உங்கள் தோட்டத்தில் பாதுகாப்பான இடம் எதுவோ அதைக் காட்டுங்கள். விளையாட்டோடு விளையாட்டாக வெளியேறும் வழியும் பழகிவிடும்.

மற்ற விளையாட்டுகளையும் விடுங்கள். சாக்கைக் கட்டிக் கொழுந்து பறித்து, கல்லை வைத்து நிறுக்கும் பிள்ளை கணக்கு பழகுகிறது. ஒளிந்து பிடிக்கும் பிள்ளை காத்திருக்கப் பழகுகிறது.

ஆனால் வெட்டிய மண்மேட்டுக்கு அடியிலும் கான் ஓரத்திலும் விளையாட விடாதீர்கள். நிலத்தில் புது வெடிப்போ, புது ஊற்றோ, சாய்ந்த மரமோ கண்டால் உடனே பிள்ளைகளோடு விலகி, 117க்கு அழையுங்கள்.

வாரக்கணக்கில் ஒரே விளையாட்டைப் பயந்து பயந்து விளையாடினால், இரவில் அலறினால், பேச்சுக் குறைந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அது பிள்ளையின் குற்றமும் அல்ல, உங்கள் குற்றமும் அல்ல.

இன்று அந்திக்கே பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.