கண்ணுக்குள் சேரும் குப்பை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



தெருக் குப்பையை ஒரு வாரம் அள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கண்ணுக்குள்ளும் அப்படித்தான். கண்ணின் பின்பக்கம் உள்ள விழித்திரையில், ஒளியை வாங்கும் செல்கள் தினமும் தங்கள் நுனியைக் கொஞ்சம் உதிர்க்கின்றன. பக்கத்திலுள்ள இன்னொரு வரிசை செல்கள் அதை விழுங்கிச் சுத்தம் பண்ணுகின்றன.

இந்த வேலை கெட்டுப்போகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. பெயர் ஸ்டார்கார்ட் நோய். 1909-ல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் ஸ்டார்கார்ட் இதைப் பற்றி எழுதினார். ஏபிசிஏ4 என்ற மரபணுவின் பழுதுதான் காரணம் என்று 1997-ல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பழுதால் வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் கழிவு வெளியேறாமல் தங்குகிறது. கொலஸ்ட்ராலும் அந்தச் செல்களுக்குள் தேங்குவது எலிகளில் நடந்த ஆய்வில் தெரிந்தது. வருஷக்கணக்கில் கழிவு சேர்ந்து செல்கள் அழிகின்றன.

"கொலஸ்ட்ரால்னா முட்டை தின்னதாலயா?" என்று கேட்பீர்கள். இல்லை சகோதரிகளே. இது சாப்பாட்டால் வந்த நோய் இல்லை.

பெரும்பாலும் பள்ளிக்கூட வயசில் ஆரம்பிக்கும். நடுப்பார்வை மங்கும், ஓரப்பார்வை இருக்கும். பிள்ளை தட்டாமல் நடக்கும், ஆனால் கரும்பலகை எழுத்து தெரியாது. கண்ணாடி போட்டாலும் சரியாகாது. "படிக்கச் சோம்பல், நடிக்கிறா" என்று அடித்துவிடாதீர்கள்.

தாயையும் குறை சொல்லாதீர்கள். பழுதான மரபணு அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் வரும். இருவருக்கும் பார்வை நன்றாகவே இருக்கலாம். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் 4-ல் 1 பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இந்த ஆபத்து கூடுகிறது.

நோய் உறுதியான பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் ஏ மாத்திரை, டானிக் கொடுக்கக் கூடாது. மற்றக் குழந்தைகளுக்கு சுகாதார நிலையத்தில் தரும் வைட்டமின் ஏ திரவத்தை இதற்காக நிறுத்தவும் கூடாது.

முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை, ஆராய்ச்சி நடக்கிறது. ஆனாலும் பிள்ளையின் படிப்பு நிற்க வேண்டியதில்லை. முன் பெஞ்சு, பூதக்கண்ணாடி, பெரிய எழுத்துப் புத்தகம் உதவும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறைப்பார்வையும் உண்டு. சான்றிதழ் வாங்கினால் தேர்வில் கூடுதல் நேரமும், எழுத்தர் உதவியும் கேட்கலாம்.

அடுத்த வாரக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கை முடித்ததும், கண்ணாடி போட்டும் எழுத்து தெரியாத பிள்ளை யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று விசாரிப்போம். இருந்தால், தாயைத் தனியாக விடாமல் நம்மில் ஒருத்தர் கூடவே கண் மருத்துவமனைக்குப் போவோம்.