பழைய நோயா, புதிய நோயா?

கருப்பையில் புற்றுநோய் கண்டு, வைத்தியம் செய்து, குணமாகி வீடு திரும்பிய ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகள் கழித்து அவருடைய பெருங்குடலில் ஒரு கட்டி தெரிகிறது. “பழைய நோய் உடம்பெல்லாம் பரவிவிட்டது, இனி ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன பயன்?” என்று வீட்டார் மனம் தளர்ந்து விடுகிறார்கள். ஆனால் அது பழைய நோயாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளை வேர்நோய் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மண்ணுக்கடியில் பரவும். தள்ளி நிற்கும் இன்னொரு மரத்தில் பால் வெட்டும் பட்டை அழுகினால், அது வேறு நோய், மருந்தும் வேறு. உடலிலும் அப்படித்தான். முதல் புற்றுநோயின் உயிரணுக்கள் வேறு உறுப்புக்குச் சென்று வளர்வது ஒன்று. வேறு உறுப்பில் தனியாகப் புதிய புற்றுநோய் தோன்றுவது மற்றொன்று. கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தால்தான் எது என்று தெரியும். புதிய நோயைத் தொடக்கத்திலேயே கண்டுவிட்டால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு.

ஒருவருக்கே இரண்டு புற்றுநோய் ஏன் வருகிறது? 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகனில் தையல் வேலை செய்த ஒரு பெண், தம் குடும்பத்தில் பலர் புற்றுநோயால் மாண்டதாகவும், தமக்கும் அதே கதி என்றும் டாக்டர் வார்த்தினிடம் கூறினார். பின்னர் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். வார்த்தின் அக்குடும்பத்தை ஆராய்ந்து 1913இல் எழுதினார். டாக்டர் ஹென்றி லிஞ்ச் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். பரம்பரையாக வரும் இக்குறைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. இது உள்ளவர்களுக்குக் கருப்பை, பெருங்குடல், சூலகம் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். மார்பகத்தையும் சூலகத்தையும் தாக்கும் வேறொரு பரம்பரைக் குறையும் உண்டு.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. அதே கிருமி பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் நோயை உண்டாக்கலாம். அதைத் தடுக்கும் ஊசி மலேசியாவில் 13 வயது மாணவிகளுக்கு 2010இல் தொடங்கப்பட்டது.

ஆகவே, நோய் குணமானாலும் டாக்டர் குறித்த தேதியில் தவறாமல் சென்று காட்டுங்கள். பழைய மருத்துவக் கார்டைப் பத்திரப்படுத்துங்கள். தாய் வழியில் மட்டுமன்றித் தந்தை வழியிலும் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்றுநோய் வந்தது என்று சொல்லுங்கள். மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம், மார்பில் கட்டி இவற்றைக் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். இது சாபமும் அன்று, பாவமும் அன்று. அம்மா தயங்கினால், பிள்ளைகளே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.