சிந்துபாதும் சுமைகூலியும்



தொரப்பள்ளி என்றதும் 1878-ஆம் ஆண்டு அங்கே பிறந்த ராஜாஜி எல்லோருக்கும் நினைவுக்கு வருவார். எனக்கு ஆறும் உடன் நினைவுக்கு வரும். நந்தி மலைப் பக்கம் தோன்றி எங்கள் பகுதி வழியே ஓடும் தென்பெண்ணை, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. ஒருநாள் வகுப்பில் சிந்துபாத் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஐயா, கடல் கிருஷ்ணகிரி அணையைவிடப் பெரியதா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களிலும் கடலைக் கண்டவர் எவரும் இல்லை.

அந்தச் சிந்துபாத் 2000-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்தே புறப்பட்டான் என்பது உங்களில் பலர் அறியாத செய்தி. 'சிந்துபாத்: பியாண்ட் தி வெயில் ஆஃப் மிஸ்ட்ஸ்' என்ற ஆங்கிலச் சித்திரப் படத்தை உருவாக்கியது சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா கிராபிக்ஸ் நிறுவனம். முழு நீளப் படம் ஒன்றை அசைவுப் பதிவு முறையிலேயே எடுத்தது அதுவே முதன்முறை என்பர். நடிப்பவர் உடலின் மூட்டுகளில் சிறு குறிகளைப் பொருத்துகிறார்கள். அவர் நடந்தாலும் வாள் வீசினாலும் சுற்றியுள்ள காமிராக்கள் அக்குறிகளின் பாதையைப் பதிவு செய்கின்றன. கணிப்பொறி அந்த அசைவைச் சித்திரப் பாத்திரத்தின் உடலில் ஏற்றுகிறது. பொம்மலாட்டத்தில் கயிறு செய்யும் வேலையை இங்கே கணக்கு செய்கிறது எனலாம்.

படம் வசூலில் தோற்றது. உடல் மனிதனைப் போல் அசைந்தது. முகம் மட்டும் மரமாகவே நின்றது. குழந்தைகள் அதை எளிதில் மன்னிப்பதில்லை. ஆயினும் முதலில் துணிந்தவரின் தோல்வியை நான் ஏளனம் செய்யேன். 2003-இல் பெரும் பொருட்செலவில் ஹாலிவுட்டின் ட்ரீம்வொர்க்ஸ் எடுத்த சிந்துபாத் படமும் நட்டத்தையே கண்டது.

என் வருத்தம் வேறு. சிந்துபாத் திரிந்த கடல் நம் கடல். அவனுடைய ஆறாம் பயணம் அவனைக் கொண்டு சேர்க்கும் சரந்தீபம் இலங்கையே. மிளகு பறிப்போரையும் அவன் சந்திக்கிறான். அக்காலத்து அராபிய மரக்கலங்களை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அத்தகைய கப்பல் ஒன்றைக் கட்டி, டிம் செவரின் என்பார் 1980-இல் ஓமானிலிருந்து புறப்பட்டு, கேரளக் கரையையும் இலங்கையையும் தொட்டு, 1981-இல் சீனத்தின் காண்டன் நகரை அடைந்தார். சென்னையில் உருவான படமோ மந்திரவாதியையும் இளவரசியையும் தேடிப் போயிற்று!

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. மூலக்கதை கடலில் தொடங்குவதில்லை. பாக்தாத் நகரத்து வீதியில், ஒரு சுமைகூலியிடம் தொடங்குகிறது. வெயிலில் களைத்த அவன், செல்வர் ஒருவரின் வாயிலில் மூட்டையை இறக்கிவைத்து, "நான் உழைக்கிறேன், இவர் சுகிக்கிறாரே!" என்று மனம் நொந்து பாடுகிறான். அவன் பெயரும் சிந்துபாத் என்றே பல பிரதிகள் கூறும். அவனை உள்ளே அழைத்து உணவளித்து, தாம் பட்ட பாட்டையெல்லாம் சொல்லத்தான் அந்த மாலுமி வாய் திறக்கிறார். கதையோடு நூறு பொற்காசும் கொடுத்தனுப்புகிறார். ஏழு பயணங்களும் அந்த ஏழையின் முறையீட்டுக்குக் கிடைத்த மறுமொழிதான். அது போதிய மறுமொழியா என்று என் மாணவர்களைக் கேட்பது வழக்கம்; வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும்.

சென்னைப் படத்தில் அந்தக் கூலிக்கு இடமில்லை. இனி எவரேனும் சிந்துபாதைப் படமாக்கினால், முதற்காட்சியில் அவனைக் காட்டட்டும். மூட்டையை இறக்கி வியர்வை துடைக்கும் மனிதனின் அசைவைப் பதிவு செய்ய வெளிநாடு போக வேண்டியதில்லை. நண்பகலில் ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வந்தால் போதும்.