சம்பளமா, சொந்தமா?

(மகளிர் அணிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சித் துறையில் உயர்ந்த ஒரு பெண்மணியைப் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் லூசில் பால். ‘ஐ லவ் லூசி’ தொடரின் சிரிப்பு நடிகை என்று சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெரிய ஸ்டூடியோவையே நிர்வகித்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

1911-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தவர். மூன்று வயதிலேயே தகப்பனாரை இழந்தார். ஹாலிவுட்டில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் மாதச் சம்பளக்காரர் போலச் சின்னச் சின்ன வேஷங்கள் போட்டார். 1940-இல் கியூபாவில் பிறந்த இசைக்கலைஞர் டெசி ஆர்னாஸை மணந்தார். இருவர் பெயரையும் இணைத்து ‘டெசிலு’ என்று கம்பெனி ஆரம்பித்தார்கள்.

1951-இல் சி.பி.எஸ். நிறுவனத்துக்காகத் தொடர் தயாரானபோது ஒரு சிக்கல். அந்நாளில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயின. தம்பதிக்கோ ஹாலிவுட்டை விட்டுப் போக மனமில்லை. அங்கேயே ஃபிலிமில் எடுக்கலாம். ஆனால் செலவு கூடும். தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள இருவரும் சம்மதித்தார்கள். பதிலுக்குக் கேட்டது ஒன்றே: எடுத்த ஃபிலிம் எங்களுக்குச் சொந்தம்.

ஒருமுறை காட்டிய நிகழ்ச்சிக்கு மறுபடி என்ன விலை இருக்கும் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. மறு ஒளிபரப்பு பிரபலமானதும் கணக்கே மாறிவிட்டது. சி.பி.எஸ்.ஸே பல லட்சம் டாலர் கொடுத்து அந்தப் படங்களை வாங்கிக்கொண்டது. தாம் சம்பளத்துக்கு நடித்த அதே ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவை 1957-இல் டெசிலு வாங்கியது!

1960-இல் விவாகரத்து. அத்துடன் ஒதுங்கிவிடவில்லை. 1962-இல் கணவரின் பங்கையும் விலைக்கு வாங்கித் தாமே தலைவரானார். பெரிய தொலைக்காட்சி ஸ்டூடியோ ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்மணி அவர்தான். நடிப்பையும் விடவில்லை.

‘ஸ்டார் ட்ரெக்’ முதல் மாதிரிப் படத்தை என்.பி.சி. நிராகரித்தது. செலவைக் கண்டு டெசிலு இயக்குநர்களும் பயந்தார்கள். லூசில் அதற்குத் துணை நின்றார். இரண்டாவது மாதிரிப் படம் ஏற்கப்பட்டது. ‘ஸ்டார் ட்ரெக்’, ‘மிஷன் இம்பாசிபிள்’ இரண்டும் 1966-இல் வெளிவந்தன. மறு வருஷமே கம்பெனியைச் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். ‘ஸ்டார் ட்ரெக்’ பின்னாளில் ஈட்டிய பெரும் பணம் வாங்கியவர்களுக்கே போயிற்று. எல்லா முடிவிலும் லாபம் கிடைக்காது. முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர் இதையும் ஏற்கத்தான் வேண்டும். 1989-இல் காலமானார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் வீட்டுப் பெண்கள் இன்று மும்பை, பெங்களூரு, டெல்லி என்று பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். ‘சம்பளம் எவ்வளவு?’ என்று எல்லோரும் கேட்கிறோம். ‘உன் பெயரில் என்ன இருக்கிறது? கையெழுத்திடும் முன் படித்தாயா?’ என்று எத்தனை பேர் கேட்கிறோம்? வேலைக்கு அனுப்புவதோடு நம் கடமை முடியவில்லை. வீடு, சேமிப்பு, பங்கு எதுவானாலும் விவரம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண் ஊருக்கு வரும்போது பட்சணத்தோடு இந்தப் பேச்சையும் எடுங்கள்.