அண்டை வீடும் நட்பும்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்ற பின்னர் உருவானதே நமது நெய்வேலி நகரியம். இங்குள்ள குடியிருப்புகளில் எவருக்கும் பூர்வீக வீடு கிடையாது. பல மாவட்டத்தாரும் ஒரே வட்டத்தில், ஒரே தெருவில் குடியேறினோம். அண்டை வீட்டாரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. ஒதுக்கீட்டு ஆணை தேர்ந்தெடுத்தது. ஒரே ஷிப்டு, தொழுகையில் ஒரே ஸஃப்பு என்ற அருகாமையால் பழக்கம் உண்டாயிற்று. ஆனால் பழக்கம் வேறு, நட்பு வேறு.

ஹிஜ்ரத்திற்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களையும் மதீனாவின் அன்ஸார்களையும் இருவர் இருவராகச் சகோதரர்களாக்கினார்கள். ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ அவருக்காக துஆச் செய்துவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுப் பொருளீட்டினார்கள். கொடுக்க வந்தவர் கணக்குப் பார்க்கவில்லை. பெறவேண்டியவர் அதைத் தமது பாத்தியதையாகக் கருதவில்லை. நட்பு நிலைப்பதற்கு இவ்விரண்டுமே வேர்.

முறிவது எங்கே? பெரும்பாலும் ஜாமீன் கையெழுத்தில். நண்பரென்று கூட்டுறவுக் கடனுக்கு ஒப்பமிடுகிறோம். தவணை தவறினால் நமது சம்பளத்தில் பிடித்தம் வருகிறது. பிறகு ஸலாமும் நின்றுவிடுகிறது. கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் பணிப்பது, நம்பிக்கையைக் குலைப்பதற்கன்று, காப்பதற்கே.

சண்டையின்றியும் நட்பு முடிகிறது. பணி ஓய்வு பெற்றவர் குடியிருப்பைக் காலி செய்து சொந்த ஊர் செல்கிறார். பல ஆண்டுகள் நம்முடன் ஃபஜ்ருக்கு நடந்து வந்த பெரியவர் ஒருவரும் அவ்வாறே சென்றார். அடுத்த வாரம் பேசலாம் என்று எண்ணியே இரண்டு ரமளான்களைக் கழித்தோம். பிறகு அவருடைய வஃபாத்துச் செய்திதான் வந்தது. அவரது எண் நமது கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. குறை நம்முடையதே.

சகோதரர்களே! அருகாமை நட்பைத் தொடங்கி வைக்கும். தொடரச் செய்வது நமது பொறுப்பு. இவ்வூரை விட்டுச் சென்றவர்களுள் ஒருவரையேனும், எக்காரியமும் கேளாமல், இன்றே அழைத்து நலம் விசாரிப்போமாக! வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன்.